அழிச்சாச்சா அண்ணாச்சி

கோவில்பட்டியில் ரகசியம் என்று ஏதாவது மிச்சம் இருந்தது என்றால், அதற்கு அழிச்சாச்சா அண்ணாச்சி ஒருவர்தான் காரணம். மற்றபடி எங்கள் ஊரில் காலையில் ஒருவர் தும்மினால், மத்தியானத்துக்குள் விளாத்திகுளத்திலிருந்து ஆள் நலம் விசாரிக்க வந்துவிடும்.

இரண்டாயிரங்களின் நடுவில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். வேலை முடிந்து எழுகிற ஒவ்வொருவரையும் வாசலில் மறித்து, "அழிச்சாச்சா?" என்பார். மெயிலை மூடி, பார்த்த பக்கங்களின் தடத்தை அழித்துவிட்டுத்தான் படி இறங்க வேண்டும். அதுதான் அங்கே சட்டம்.

மகளின் பரீட்சை ரிசல்ட் பார்க்க இடைசெவலிலிருந்து வந்த ஒரு விவசாயி இதைக் கேட்டு ஆடிப்போனார்.

"நல்ல மார்க்குல்லா வாங்கியிருக்கா! அதைப் போயி எதுக்கு அழிக்கச் சொல்லுதீங்க?"

"மார்க்கு அங்கனயேதான் இருக்கும். நீங்க பார்த்த தடம் மட்டும்தான் போவும்."

"நான் பார்த்தா என்ன? எம் மகதான?"

கடைசியில் அந்தத் தடத்தை அண்ணாச்சியே போய் அழித்தார்.

யாராவது பாஸ்வேர்டு அடிக்கப் போனால் உடனே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். எந்நேரமும் யாராவது அடித்துக்கொண்டிருந்ததால் பாதி நாள் அவர் முதுகைத்தான் பார்க்க முடியும். கீழே டீக்கடை வைத்திருந்தவர், மாடியில் யாரோ சாமியார் தியானம் செய்கிறார் என்றே வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் வாங்கிய எல்லோரும் டாக்டரிடம் போவதுபோல அவரிடம் போவார்கள். "படம் ஓடலையா? ரோட்டுல வைக்கிற கூம்பு மாதிரி ஒரு படம் போட்டது இருக்கு, அதைப் போடுங்க. எதைக் குடுத்தாலும் ஓட்டும். வேவு பாக்காம இருக்கணுமா? நரி படம் போட்ட பிரவுசர். குப்பை சேர்ந்துட்டா? தொடைக்கதுக்கு ஒண்ணு தாரேன், வாரத்துக்கு ஒருக்கா ஓட விடுங்க." சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பதை மட்டும்தான் சொல்ல மாட்டார். எல்லாம் இலவசம், ஆனால் எதுவும் திருட்டு இல்லை. திருட்டு சிடி ஓடுகிற வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

அப்போது நான் ஒரு தீப்பெட்டி கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தேன். எங்கள் முதலாளிக்கு வெப்சைட் ஆசை வந்து, இவரை அழைத்து வரச் சொன்னார்.

"தீக்குச்சி உரசி எரியணும். பாட்டு வரணும். நடுவுல எம் போட்டோ சுத்தணும்."

அண்ணாச்சி தலையாட்டிவிட்டுப் போனார். எழுத்துகளைக் கலர் கலராகக் காட்டும் ஒரு இலவச எடிட்டர் புரோகிராமில் ஒவ்வொரு வரியாகக் கையால் அடித்து, அடுத்த வாரம் கொண்டுவந்து காட்டினார். கம்பெனி பெயர், தீப்பெட்டி வகைகள், ஆபீஸ் நம்பர். அவ்வளவுதான்.

"எம் போட்டோ எங்க?"

"இங்கன இருக்கிற நெட்டு வேகத்துக்கு உங்க போட்டோ இறங்கி முடிக்கதுக்குள்ள, தீப்பெட்டி வாங்க வந்தவன் லைட்டர் வாங்கிட்டுப் போயிருவான் மொதலாளி."

முதலாளி வாழ்நாளில் முதன்முறையாக ஒரு மறுப்பை ஏற்றுக்கொண்டார்.

எங்கள் ஆபீசில் கணக்குப் பார்த்த சண்முகக்கனி, நாகலாபுரத்துப் பெண். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த மாடிக்குப் போய்வருவாள். யாரோ இதை அவள் அண்ணன் காதில் போட்டுவிட்டார்கள். ஒருநாள் நான் அங்கே பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தபோது, பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டே அந்த அண்ணன் மேலே ஏறி வந்தார்.

"எந் தங்கச்சி இங்கன வந்து யாருக்கு எழுதுதா?"

"தெரியாது."

"கடைக்காரன் உமக்குத் தெரியாதா? எதுல உக்காந்தா? எடும், பாக்கணும்."

"அந்தா, அந்தக் கடைசி மிஷின்தான். நீங்களே பாருங்க."

அண்ணன் உட்கார்ந்து தட்டினார், சொடுக்கினார், முறைத்தார். சுத்தமாக இருந்தது. ஆத்திரத்தில் மானிட்டரைத் தூக்கிவிட்டார். அந்தக் காலத்து மானிட்டர் அம்மிக்கல் கனம். தூக்கிய பிறகு போடவும் முடியவில்லை, வைக்கவும் தெரியவில்லை. முகம் சிவக்க நின்றார்.

"மெதுவா வைங்க, இடுப்பு புடிச்சிரும்," என்று ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தார் அண்ணாச்சி. "அதுக்குள்ள ஒண்ணும் கிடையாது. அது வெறும் டிவி."

எனக்குச் சிரிப்பு. ஆனால் அதன்பின் நடந்தது சிரிப்பதற்கில்லை. அந்தக் கடை பெண்பிள்ளைகளைக் கெடுக்கிற இடம் என்று ஊரில் பேச்சுக் கிளம்பியது. கூட்டம் வடிந்தது. காலி பண்ணச் சொல்லிக் கட்டடச் சொந்தக்காரர் ஜாடைமாடையாகப் பேச ஆரம்பித்தார்.

"அந்தப் பிள்ளை என்னதான் பார்த்துச்சு? சொல்லித் தொலைச்சா ஊர் வாய் அடங்கும்லா," என்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் சுவத்தைப் பாத்துல்லா நின்னேன்." மௌசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தெரிஞ்சிருந்தாலும் அது அந்தப் பிள்ள சொல்ல வேண்டியது."

அந்தப் பிள்ளையே சொன்னது. சென்னையில் ஒரு கம்பெனியில் வேலைக்கு எழுதிப்போட்டு, நியமன உத்தரவும் வாங்கிவிட்டாள். "கிடைச்ச பொறவு வீட்டுல சொல்லிக்கிடலாம்னு இருந்தேன் சார். கிடைக்கலைன்னா அவிய சிரிப்பாங்கல்லா," என்றாள். முதலில் வீடு குதித்தது, பிறகு யோசித்தது. கடைசியில் அவளை ரயில் ஏற்றிவிட்டவர் அந்த அண்ணன்தான்.

அவர் மறுவாரமே மாடி ஏறினார். தங்கச்சிக்கு எழுத ஒரு மெயில் ஐடி வேண்டுமாம். அண்ணாச்சி எல்லாம் செய்து கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினார். அண்ணன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"மூஞ்சியத் திருப்பிக்கிடுதீரே... இன்னுமா எம்மேல கோவம்?"

"கோவம்லாம் இல்ல. பாஸ்வேர்டை அடிங்க."

அன்றைக்கு அந்த அண்ணன் சிரித்த சிரிப்பைப் பஸ் ஸ்டாண்டே கேட்டிருக்கும். கூட்டமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது.

வீட்டுக்கு வீடு இணைப்பு வந்தபின் கடையை மூடிவிட்டுத் தூத்துக்குடிப் பக்கம் போனார். போகும்போது செல்போன் நம்பர் கொடுத்தார். அத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் நிஜப் பெயர் எனக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"என்ன பேருன்னு போட?"

"பேரு எதுக்கு? நம்பர் இருக்குல்லா," என்று படி இறங்கிவிட்டார்.

நான் அந்த நம்பருக்கு 'சொந்தம்' என்று பேர் போட்டுக்கொண்டேன்.