கடித்தது எந்த நாய்?

ஆரணியில் எங்கள் தெருவுக்கு வந்து "நாய்க்கார அம்மா வீடு எது?" என்று கேட்டால், சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் வாசலில் விட்டுவிடும். நாய் என்றால் எனக்கு அவ்வளவு பிரியமாம். ஊரே சொல்கிறது. வயது எழுபதை நெருங்கிவிட்டது, இனிமேல் யாருக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாய் என்றால் பயம். அன்றைக்கும் பயம், இன்றைக்கும் பயம். பக்கத்தில் வந்து வாலாட்டினாலே சுவரோடு ஒட்டிக்கொள்வேன்.

நான் பிறந்து வளர்ந்தது கண்ணமங்கலம். சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒருவரை வெறிநாய் கடித்தது. சாதாரணக் கடிதானே என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் அவரை ஓர் அறையில் வைத்துப் பூட்டும்படி ஆகிவிட்டது. தண்ணீர் கேட்பாராம், கொண்டுபோனால் அலறுவாராம். பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து வந்த அந்தச் சத்தத்தை என் காதாலேயே கேட்டேன். பிறகு சத்தம் நின்றுவிட்டது. அதற்கப்புறம் எதிரே நாய் வந்தால், வந்த வழியே திரும்பி அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போவேன். (பள்ளிக்கூடத்துக்குத் தினமும் தாமதம். டீச்சர் கேட்டால் வயிற்றுவலி.)

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஆரணியில் சொந்தத் தறியில் பட்டு நெய்கிறவர், பீடிகூடப் பிடிக்கமாட்டார், அதிர்ந்து பேசமாட்டார் என்று தரகர் அடுக்கிக்கொண்டே போனார். வீட்டில் நான்கு நாய் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. பாவி மனுஷன்! ஆரத்தி எடுத்து முடித்து, வலதுகாலை எடுத்து வைக்கப் போகிறேன், உள்ளேயிருந்து நான்கும் பாய்ந்து வந்தன. நான் வலதுகாலும் இல்லாமல் இடதுகாலும் இல்லாமல், புருஷன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கிவிட்டேன். "பொண்ணுக்கு எங்க பையன் மேல எம்மாம் ஆசை, பாரேன்!" என்று உறவுக்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நாய்கள் என் மாமியாருடையவை. தெருவில் எங்கே ஒரு குட்டி முனகினாலும் முந்தானையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். கேட்டால், "ஊட்டுல பட்டு கீது, சரிகை கீது, காவலுக்கு வேணாவா?" என்பார். மணி, டைகர், ஜிம்மி, செவலை. நாய் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, "பசங்க" என்றுதான் சொல்ல வேண்டும். ஒருமுறை பக்கத்து வீட்டு அம்மா, "உங்க நாயி எங்க பையன் கால கடிச்சிடுச்சி" என்று வந்து நின்றார். "எங்க பசங்க கடிக்க மாட்டாங்க. உங்க பையன் இன்னா செஞ்சானோ?" என்றார் மாமியார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. இதைக் கேட்ட நாள் முதல் எனக்கு நாய் பயத்தோடு மாமியார் பயமும் சேர்ந்துகொண்டது.

கல்யாணமாகிச் சில மாதங்களில் களம்பூரில் இருந்த என் நாத்தனாருக்கு மூன்றாவது பிரசவம். மாமியார் பை நிறையத் துணியும் பெருங்காயமும் மிளகுமாகக் கிளம்பினார். கிளம்பும் முன் என்னை நிற்க வைத்துப் பாடம் நடத்தினார்.

"சரசா, நல்லா கேட்டுக்க. நாலு பேருக்கும் தனித்தனித் தட்டு. மொதல்ல மணிக்கு வெச்சிட்டுத்தான் மத்தவனுக்கு. ஜிம்மி சூடா வெச்சா தொடாது. டைகர் பக்கத்துல யாரும் நிக்கக் கூடாது. செவலைக்கு நாலு வார்த்தை பேசிகினே வெக்கணும், இல்லாட்டி பட்டினி கெடக்கும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அத்தை" என்றேன். ஒரு வார்த்தை காதில் ஏறியிருந்தால் கேளுங்கள்! அவர் பேசிய நேரம் முழுக்க ஜிம்மி என் கால் விரலை நக்கிக்கொண்டிருந்தது. நான் உயிரை எல்லாம் அந்த விரலில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் சோறு வைக்கும் வேளை வந்தது. தனித்தனித் தட்டு என்றால் நான்கு தடவை கிட்டே போக வேண்டும். என் மூளை வேலை செய்தது. எல்லாச் சோற்றையும் ஒரே குண்டானில் கொட்டிப் பிசைந்து, முற்றத்தின் நடுவில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டால் ஒரே தடவையோடு போயிற்று! அப்படியே செய்தேன். வைத்தது மட்டும்தான் நடந்தது. ஓடிவரவில்லை. நான்கும் ஒரே குண்டானில் வாய் வைக்க, முற்றத்தில் கலவரம் மூண்டது. உறுமலும் குரைப்பும் என் புடவையைச் சுற்றிச் சுழன்றன. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னேன். கெண்டைக்காலில் சுருக்கென்று ஒரு பல் இறங்கியது.

என் அலறலில், காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிற தறிக்குழியிலிருந்து புருஷன் எழுந்து வந்து, தூரத்திலேயே நின்றுகொண்டு கேட்டார்.

"சரசு, இன்னா ஆச்சி?"

"கடிச்சிடுச்சிங்க!"

"எது?"

"தெரியலீங்க. கண்ண மூடிகினு இருந்தேன்."

காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டரும் அதே கேள்வியைக் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நாலு நாயையும் பத்து நாள் கண்ணுல வெச்சிப் பாரும்மா. சோறு தின்னுதா, தண்ணி குடிக்குதா, எச்சி ஒழுகுதா, கொரல் மாறுதான்னு பாரு. நாலும் நல்லா இருந்தா உனக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணு செத்தாலும், ஓடிப்போனாலும் உடனே வா. தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி."

(இதைப் படிக்கிறவர்கள் யாரும் இப்படிக் காத்திருக்காதீர்கள். நாய் கடித்தால் அன்றைக்கே போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். இப்போது கையிலேயே போட்டு அனுப்பிவிடுகிறார்கள். உங்களுக்கென்ன, கொடுத்து வைத்தவர்கள்!)

திரும்பி வரும்போது புருஷன் ஒன்றுதான் சொன்னார். "அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. பெரிய பேஜாராப் பூடும்." களம்பூர் என்ன தூரதேசமா? நினைத்தால் பஸ் ஏறி வந்து நிற்பார். எந்தப் பயத்தை முதலில் படுவது என்றே எனக்குப் புரியவில்லை.

நாய்க்குப் பயந்தவர்கள் நாயை வெளியே விட்டுக் கதவைச் சாத்துவார்கள். நான் நான்கையும் உள்ளே விட்டு, நானும் உள்ளே நின்றுகொண்டு, வாசல் கதவையும் தோட்டக் கதவையும் தாழ் போட்டேன். என் உயிர் எட்டுக் கண்ணும் நான்கு வாலுமாக வீட்டுக்குள் நடமாடியது. ஒன்று கொட்டாவி விட்டால் எச்சில் ஒழுகுகிறதா என்று எட்டிப் பார்ப்பேன். ஒன்று தும்மினால், "ஏங்க, ஜல்தி வாங்க!" என்று கத்துவேன். பாலில் முட்டை அடித்து ஊற்றினேன். வெயில் ஏறினால் ஈரச்சாக்கு விரித்தேன். தனித்தனித் தட்டு வைத்தேன், மணிக்கு முதலில் வைத்தேன், செவலையிடம் நாலு வார்த்தை இல்லை, நாற்பது வார்த்தை பேசினேன். எல்லாம் எட்ட நின்று கையை நீட்டித்தான். தட்டை வைக்கும்போது பாதிச் சோறு கீழே சிந்தும்.

கூடவே என்னையும் சோதித்துக்கொண்டேன். தண்ணீரைக் கண்டால் பயம் வரும் என்றார்களே, வருகிறதா? சொம்பு சொம்பாகக் குடித்துப் பார்த்தேன். பயம் வரவில்லை, வயிறுதான் உப்பியது. கடிபட்டவர்கள் கடைசியில் நாய்போலக் குரைப்பார்கள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். ஒருநாள் காலையில் தொண்டை கட்டிக்கொண்டது. அவ்வளவுதான், வாயைத் திறந்தால் 'வள்' என்று வந்துவிடுமோ என்று அன்று முழுக்க நான் பேசவே இல்லை. ஜாடைதான். தறியில் தார் தீர்ந்துபோய்ப் புருஷன் கூப்பிட்டாலும் தலையை மட்டும் ஆட்டினேன். தான் என்னமோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து, சாயங்காலம் மல்லிகைப்பூ வாங்கி வந்து வைத்தார் அந்த மனுஷன்.

தார் என்றேனே, நெசவில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற, பட்டு நூல் சுற்றிய சின்னக் குச்சி. சுற்றிக் கொடுப்பது என் வேலை. நாய்களைக் கண்ணிலிருந்து விடக் கூடாதென்று அவற்றைச் சுற்றிலும் வைத்துக்கொண்டே ராட்டையில் தார் சுற்றினேன். இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி என்று மனம் லேசாகிக்கொண்டிருந்தபோது, செவலை சோற்றைத் தொடவில்லை.

பேசினேன். தொடவில்லை. கெஞ்சினேன். தொடவில்லை. தண்ணீர் வைத்தேன். மோந்து பார்த்துவிட்டுத் தலையை உதறிப் பின்வாங்கியது. வாயோரம் எச்சில் கயிறாக ஒழுகியது. கூடவே சிவப்பாக ஏதோ வடிந்தது. ரத்தம்! கண்ணமங்கலத்தில் பூட்டிய கதவுக்குப் பின்னால் கேட்ட அந்தச் சத்தம் அப்படியே காதில் கேட்டது. இருபது வயதில் சாகப்போகிறேன் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அம்மாவைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. சுவரில் சாய்ந்து அழுதேன்.

அழுதுகொண்டே பார்த்ததில், அந்தச் சிவப்பு சொட்டவில்லை. தொங்கியது. உற்றுப் பார்த்தேன். அரக்குச் சிவப்புப் பட்டு நூல். தறியில் ஓடிக்கொண்டிருந்த முகூர்த்தப் புடவையின் நூல். செவலை முன்னங்காலால் வாயைப் பிறாண்டியது. வாய் திறந்தபோது தெரிந்தது, மேலண்ணத்தில் குறுக்காக ஒரு தார்க்குச்சி மாட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, வாயில குச்சி மாட்டிகினு கீது! வந்து புடிங்க, எடுத்துடலாம்!"

புருஷன் வரவில்லை. தறிக்குழிக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கினார். தலை மட்டும் தெரிந்தது.

"சரசு, கோச்சிக்காத. எனக்கும் நாயின்னா பயம்."

"இன்னாது?"

"சின்ன வயசுலேர்ந்தே. அம்மாகிட்ட சொல்லிடாத."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பயம் கொஞ்ச நேரம் மறந்தேபோயிற்று. நாள் முழுக்கத் தறியை விட்டு எழுந்திருக்காத உழைப்பாளி என்று எங்கள் அப்பாவிடம் எவ்வளவு பெருமையாகச் சொல்லியிருந்தேன்! முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு செவலை முன்னால் உட்கார்ந்தேன். நாலு வார்த்தை பேச வேண்டுமே, பேசினேன். தரகரைத் திட்டினேன், தறிக்குழியில் இருந்தவரைத் திட்டினேன், களம்பூரில் இருந்தவரையும் விடவில்லை. செவலை காதை நிமிர்த்திக் கேட்டது. திட்டிக்கொண்டே கையை அதன் வாய்க்குள் விட்டேன். சூடான மூச்சு மணிக்கட்டில் பட்டதும் உடம்பு வெலவெலத்தது. இந்தத் தடவை கண்ணை மட்டும் மூடவில்லை.

அந்த நேரம் பார்த்து, "சரசா!" என்ற குரலோடு வாசல் கதவு தட்டப்பட்டது. "அம்மா!" என்று தறிக்குழியிலிருந்து ஒரே தாவலில் ஓடிப்போய்த் தாழைத் திறந்தார் புருஷன். நான் குச்சியைப் பிடுங்கினேன். வந்துவிட்டது. வாய் சும்மா இருக்குமா? 'டப்' என்று மூடிக்கொண்டது, என் கை உள்ளே இருக்கும்போதே. மாமியார் பையோடு உள்ளே வந்தபோது கண்டது, மணிக்கட்டுவரை நாயின் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டிருந்த மருமகளை.

பை கீழே விழுந்தது. என்னையும் செவலையையும் ஒன்றாகச் சேர்த்து அணைத்துக்கொண்டார். "பெத்த பொண்ணுகூட இப்பிடி கைய வுட மாட்டாளே! ஒடம்பு எப்பிடி நடுங்குது பாரு, புள்ளைக்கு அம்மாம் பாசம்!" என்று அழுதார். ரத்தம் துளிர்த்த கையை நான் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

மறுநாள் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மறுபடி டாக்டரிடம் போனோம். "இந்தத் தடவையாவது எந்த நாயின்னு பாத்தியா?" என்றார். செவலை என்றேன். "பரவாயில்ல, தேறிட்ட. திரும்பவும் பத்து நாள் பாரு" என்றார். இன்னொரு சுற்றுப் பால், முட்டை, ஈரச்சாக்கு. இப்போது மாமியார் கூடவே இருந்து பார்த்துப் பார்த்து உருகினார். நான்கும் கொழுகொழுவென்று தப்பித்தன, நானும் தப்பித்தேன். ஆனால் மாமியார் நாய்ப்பொறுப்பு மொத்தத்தையும் என் தலையில் கட்டிவிட்டார். அவர் கண்ணை மூடுகிறவரை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் எங்கள் வீட்டில் நான்குக்குக் குறைந்து நாய் இருந்ததில்லை. தெருவில் குட்டி போட்டால் என் வாசலில்தான் கொண்டுவந்து விடுகிறார்கள்.

எங்கள் மகள் பிறந்த பிறகு ஒருநாள், பேச்சுவாக்கில் என் புருஷனே எல்லாவற்றையும் உளறிவிட்டார். நான் செத்தேன் என்று நினைத்தேன். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அந்தப் பாலு, முட்டை எல்லாம்?" என்றார். "உசுரு பயம் அத்தை" என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே முடியவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை, எங்கள் வீட்டில் யாராவது யாரையாவது கொஞ்சம் அதிகமாகக் கவனித்துவிட்டால் போதும். மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி நெய் ஊற்றினால், "இன்னாம்மா, கடிச்சிட்டாரா?" என்பாள் என் மகள்.

போன வருஷம் என் புருஷனுக்கு நெஞ்சுவலி வந்து வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு வருகிறதா, கஞ்சி இறங்குகிறதா, தண்ணீர் குடிக்கிறாரா, குரல் மாறியிருக்கிறதா. அவர் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று நினைத்து நினைத்து அழுதேன். அவர் மெல்லக் கண்ணைத் திறந்து, நான் பார்க்கிற பார்வையைப் பார்த்தார்.

"சரசு, நான் எப்ப உன்ன கடிச்சேன்?" என்றார்.

அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண் பதறிப்போய், "எந்த எடத்துலம்மா கடிச்சாரு?" என்று என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.