கெஸ்லர் வீட்டுப் பேரும் என் பேரும்

சென் ஜேம்ஸ் ரவுண், ரொறன்ரோ
12.10.1996

அன்புள்ள தம்பி அகஸ்ரினுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உன் அண்ணி வேரோனிக்காவும் சுகம். லிப்ற்றுக்குத்தான் சுகமில்லை, பதினேழு மாடியும் காலால் ஏறுகிறோம். ஜேர்மனியில் நீங்கள் எல்லோரும் நலமாயிருக்க மன்றாடுகிறேன்.

என் மகள், உன் பெறாமகள் செரீனா, இங்கே குடியேறிய மாட்டின் கெஸ்லர் என்ற ஜேர்மன் பெடியனைக் கட்டப் போகிறாளாம். அவனும் கத்தோலிக்கன்தான், அதில் குறை சொல்லேன். ஆனால் எங்கள் ஆட்களில் விசாரிக்காமல் எவன் பெண் கொடுத்தான்? பெடியனின் தகப்பன் வோல்ற்றரிடம், "உங்கட அப்பாவின்ர பேர்?" என்று கேட்டேன். "கெஸ்லர்." "அவற்ற அப்பா?" "கெஸ்லர்." "அவருக்கு முந்தி?" "கெஸ்லர்தான்." ஒரு வீட்டில் அத்தனை பேருக்கும் ஒரே பேரென்றால் சாப்பிடக் கூப்பிடும்போது எவன் வருவான்?

விடுவேனா? நூலகத்துக்கு ஏழு தரம் நடந்தேன். தலையணைத் தடிப்பில் ஒரு புத்தகம் கிடைத்தது. கெஸ்லர் என்றால் செம்புக் கிடாரம், அண்டா செய்கிறவனாம். பிள்ளைகள் தொழிலை விட்டும் பேரை விடவில்லையாம். அந்த மாட்டின் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே தேத்தண்ணி வைக்கிறேன் என்று தண்ணீர் விடாமல் கேத்திலைப் போட்டு எரித்துவிட்டான். புகைமணி அடித்து, பதினேழு மாடிச் சனமும் தெருவில் நின்றது, அண்ணி செபமாலையோடு. "பரம்பரையாக் கிடாரம் செய்த ஆக்கள், ஒரு கேத்திலைக் காப்பாத்தத் தெரியேல்லையே!" என்றேன். செரீனா சீறினாள்: "அப்பா, உங்கட பூட்டன் என்ன செய்தவர் எண்டு ஆரும் கேட்டவையே?"

பிறகு வோல்ற்றர் தன் வம்சக் கடதாசியை எங்கள் மேசையில் விரித்தார். 1648இல் ஜேர்மனியில் ஒரு கிராமத்துக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற கெஸ்லரிலிருந்து துவங்குகிறது. "உங்கட குடும்பப் பேர் எப்பவிருந்து?" என்று கேட்டார். "என்னிலயிருந்து" என்றேன். பகிடி என்று சிரித்தார். பகிடி இல்லை. எங்கள் ஐயா பஸ்ரியன், அவருடைய தகப்பன் சூசைதாசன். ஆளுக்கு ஆள் பேர் வேறு. பத்து வருஷத்துக்கு முன் இங்கே வந்து இறங்கியபோது, 'குடும்பப் பேர்' என்ற கட்டத்தில் நான்தான் என் பேரை எழுதினேன். அன்றிலிருந்து அண்ணியும் செரீனாவும் அமிர்தநாதர். எனக்கு ஆண்பிள்ளை இல்லை. இவள் கெஸ்லரானால் என் பேருக்குப் பத்து வருஷத்தோடு சமாதி. முடியாது! பேர் மாறினால் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான். அந்தக் கிராமம் உன்னிடமிருந்து ரயிலில் இரண்டு மணித்தியாலம். பங்குச் சுவாமியைப் பிடித்து ஞானஸ்நானப் புத்தகத்தைத் திறப்பி. சிறை மறியல், கள்ளக் கலியாணம், எதுவானாலும் ஒரு குறை கண்டுபிடித்து எழுது.

றோசலினுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்.

இப்படிக்கு,
எவருக்கும் வளையாத அண்ணன்,
ப. அமிர்தநாதர்

பி.கு: கடித உறையை ஒட்டப் போகையில் செரீனா மாட்டினோடு வந்தாள். அவன் கையில் ஒரு படிவம். "அப்பா, சண்டை முடிஞ்சுது. மாட்டின் உங்கட பேரை எடுக்கிறான்" என்றாள். தம்பி, அந்த வம்சக் கடதாசியை விரிக்க முன் வோல்ற்றர் எங்கள் மேசையை இரண்டு தரம் துடைத்ததை நான் கண்டவன். "தகப்பன்ர பேரை விடுறவனுக்கு என்ர பிள்ளையைத் தரமாட்டன்!" என்று படிவத்தை இரண்டாகக் கிழித்தேன். அவள் கெஸ்லராகவே போகட்டும். நீ குறை தேடாதே. 1648ஆம் ஆண்டுப் பக்கத்தைப் படம் எடுத்துக் கண்ணாடி போட்டு அனுப்பு, கலியாணப் பரிசாகக் கொடுக்க வேண்டும். முதல் பேரனுக்கு அமிர்தநாதர் கெஸ்லர் என்று பேர். அதற்குக் கிழித்த படிவத்தின் பின்பக்கத்தில் இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன்.