பாலத்தின் நடுவே பிறந்த குட்டிக்குச் சுங்கம் உண்டா?

கர்த்தருக்குள் பிரியமான மாப்பிள்ளை ஜாபேஸுக்கு, பாளையங்கோட்டையிலிருந்து மாமா அப்பாத்துரை எழுதுவது.

போன சனிக்கிழமை ஆற்றுப்பாலத்து நடுவில் ஒரு வெள்ளாடு குட்டி போட்டது. அதனால் வடகரைச் சந்தையும் தென்கரைச் சந்தையும் செய்துகொண்ட ஒப்பந்தம் முறியப் பார்த்தது. சுகச் செய்தியை முதலில் எழுதாததற்கு மன்னிக்கவும். நானும் உங்கள் அத்தையும் நல்ல சுகம். மகள் ரீபா போட்டோவில் மெலிந்து தெரிவது கேமராவின் குற்றம் என்று நானும், உங்கள் குற்றம் என்று அத்தையும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உங்கள் பிரஸ்ஸல்ஸ் ஆபீஸ் வேலையைப் பற்றிச் சொன்னீர்களே, பக்கத்துப் பக்கத்து நாடுகள் சேர்ந்து வெளிவாசலில் ஒரே சுங்கம் வைத்துக்கொள்ளும், ஒரு தடவை கட்டிய சரக்கு உள்ளே எங்கே போனாலும் யாரும் கை நீட்ட மாட்டார்கள் என்று. வீட்டில் மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள், நான் கேட்டுக்கொண்டேன். எட்டாம் வகுப்போடு ஆட்டுக்கயிற்றைப் பிடித்தவனுக்கு இது புரியாதா? நம் இரண்டு சந்தையும் ஆற்றுக்கு அக்கரையிலும் இக்கரையிலுமாக ஒரே நாளில் கூடுகிறவை. வடகரையில் விற்காத ஆட்டைப் பாலம் தாண்டி ஓட்டினால் தென்கரை வாசலில் மறுபடியும் தலைக்குக் கட்டணம். ஆகவே எந்த ஆடும் தாண்டாது. கேரளத்து வியாபாரிக்கு ஒரு லாரி நிறைய ஆடு எந்தப் பக்கமும் சிக்காது. போன பக்ரீத்துக்கு அவர் வேறு ஊர்ச் சந்தைக்குப் போய்விட்டார். இந்தப் பக்ரீத்துக்கும் வராவிட்டால் இரண்டு சந்தையிலும் ஈ ஓட்ட வேண்டியதுதான், அதில் முதல் ஈ எனக்கு.

வடகரைக் குத்தகைக்காரர் ஐயம்பெருமாளையும் தென்கரையைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் மைதீன் பாத்திமாவையும் டீக்கடையில் உட்காரவைத்து, நீங்கள் சொன்னதை நான் சொன்னதாகச் சொன்னேன். இரண்டு வாசலிலும் ஒரே கட்டணம், பணம் கட்டினால் ஒரு சீட்டு, ஆட்டின் வலது கொம்பில் நீலப் பெயிண்ட், நீலக்கொம்பு எங்கேயும் போகலாம், வசூல் பாதிப்பாதி. முதல் வாரமே ஊர் ஹார்டுவேர் கடையில் நீலப் பெயிண்ட் தீர்ந்துபோனது. யார் வாங்கினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. மற்றபடி நன்றாகவே நடந்தது. துணிந்து கேரளத்து வியாபாரிக்குப் போன் போட்டு, லாரியோடு வாருங்கள், தடையே கிடையாது என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அவர் வந்து தென்கரையில் நிற்கிற நேரம் பார்த்து, என் லோடு ஆட்டோவில் போன நீலக்கொம்புக்காரி பாலத்து நடுவில் குட்டி போட்டாள். தென்கரை வாசலில் பாத்திமா ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுக்குச் சீட்டு எங்க?"

"தாய்க்கு அங்கனயே கட்டியாச்சும்மா."

"தலைக்குத்தான கட்டணம்? இதுக்குத் தலை இருக்குல்லா?"

ஐயம்பெருமாளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "ஏ பாத்திமா, வயித்துக்குள்ள இருந்ததுக்கும் சேத்துத்தான் நான் வாங்குனேன்!"

"அப்படியாக்கும்? அப்ப அடுத்த வாரம் ஊர்ப்பட்ட ஆடும் சினையோடதான் வரும். நான் வாசல்ல உக்காந்து பேறுகாலம் பாக்கவா?"

தொலையட்டும், குட்டிக்கும் கட்டிவிட்டுப் போகிறேன் என்று சட்டைப் பைக்குள் கையை விட்டேன். போன் அலறியது: "கட்டினேருன்னா ஒப்பந்தம் முறிஞ்சுது வே! நான் விட்ட ஆட்டுக்கு அங்க வசூல்னா என் வாசலுக்கு என்ன மரியாதை? பாலத்துல பாதி எங்களுக்கு. குட்டி எந்தப் பாதியில விழுந்துச்சு, அதச் சொல்லும்!"

நான் ஆட்டோக்காரரைப் பார்த்தேன். அவர் ஆற்றைப் பார்த்தார். பின்னால் ஆடுகளும் ஆட்களும் சேர்ந்து கத்த, கேரளத்து வியாபாரி லாரியை ஸ்டார்ட் செய்துவிட்டார்.

மாப்பிள்ளை, மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். உங்கள் நாடுகளுக்கு நடுவே எந்த ஆடும் சினையாகப் போவதில்லையா? ஒரு நாட்டுப் பாலை இன்னொரு நாட்டில் உறை ஊற்றினால் தயிர் எந்த ஊர்க்காரன்? வெளிவாசலில் வாங்கிய பணத்தைக் கடைசியில் யார் வைத்துக்கொள்வது? இத்தனை பேர் கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், இதற்கெல்லாம் ஏதாவது எழுதி வைத்திருப்பீர்களே.

எங்கள் ஒப்பந்தத்தில் எதுவும் எழுதி வைக்காததால் நானே சொன்னேன்: "இலை கடிச்சா அது ஆடு. பால் குடிச்சா அது மடியோட சேத்தி. மடிக்குத் தனிச்சீட்டு உண்டா?" பாத்திமா பக்கத்தில் கிடந்த தழைக்கட்டிலிருந்து ஒரு கொத்து அகத்திக்கீரையை உருவிக் குட்டியின் வாயருகே நீட்டினார். வாசலே குனிந்து பார்த்தது. குட்டி மோந்து பார்த்தது, ஒரு தும்மல் போட்டது, திரும்பி மடியைத் தேடியது.

"சரி, போங்க."

லாரி எஞ்சின் அணைந்தது. மதியத்துக்குள் வியாபாரி இரண்டு கரையிலும் வாங்கி லாரியை நிறைத்துவிட்டார். பக்ரீத் சந்தை பிழைத்தது, கூட்டும் பிழைத்தது. இந்தத் தீர்ப்பு உங்கள் ஆபீசுக்கு உதவுமென்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். இனி நம் ஊரில் ஆற்றைத் தாண்ட யாருக்கும் எந்தத் தடையும் இல்லை.

அந்தக் குளிரில் வழுக்காமல் நடக்க ஆண்டவர் உங்களுக்கும் ரீபாவுக்கும் துணை நிற்பாராக. அவளைச் சோறு தின்னச் சொல்லவும்.

இப்படிக்கு,
மாமா அப்பாத்துரை

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஐயம்பெருமாளும் பாத்திமாவும் ஒருமனதாகப் பாலத்து நடுவில் மூன்றாவதாக ஒரு வாசல் போட்டுவிட்டார்கள். நானும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சினை பார்க்க ஆட்டுக்கு ஐந்து ரூபாய். சினையென்றால் பத்து. பாத்திமா சொல்வதே முடிவு. கிடாய்க்கும் சோதனை உண்டு.