பாசில் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்

எஞ்சின் கொஞ்சம் இருமிவிட்டு நின்றது. கெல்வின் அக்ராய்ட் மறுபடி சாவியைத் திருப்பினான். இந்த முறை இருமல்கூட வரவில்லை.

கராஜ் கதவில் அவன் மனைவி வெண்டி வந்து நின்றாள்.

"திங்கக்கிழமை காலைல டெஸ்ட். இன்னிக்கு சனிக்கிழமை."

"தெரியும்."

"உனக்குத் தெரியும். ஹால்ல உக்காந்திருக்கிற வாஷ் பேசினுங்களுக்குத் தெரியுமான்னுதான் கவலை."

வெண்டி வீடு வீடாகப் போய் முடி திருத்துகிறவள். கராஜைச் சலூன் ஆக்குவதென்று முடிவாகி, தலை கழுவும் பேசின்கள் முன்கூட்டியே வந்து ஹாலை அடைத்துக்கொண்டிருந்தன. பெட்டி பெட்டியாகப் பாகங்களை வாங்கி கெல்வின் தன் கையாலேயே பூட்டிய கார்தான் இப்போது கராஜில் நின்றது. அரசாங்கச் சோதனையில் தேறினால் நம்பர் பிளேட்டோடு தெருவில் நிற்கும். தேறாவிட்டால் பாகம் பாகமாக விற்றுவிடுவது என்று பேச்சு.

கெல்வின் பாசில் ஹெப்வர்த்துக்கு போன் செய்தான்.

ஹடர்ஸ்ஃபீல்டில் சொந்தமாகக் கார் கட்டுகிறவர்கள் கூடும் பப்பில், பாசில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்கள். அவரை எதிர்த்து யாரும் பேசியதில்லை. அவருடைய மனைவி ஐரீன் அவரைக் கெல்வின் வீட்டுக்குக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெளியிலேயே உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட ஆரம்பித்தாள்.

பாசில் எஞ்சினைச் சுற்றி வந்தார். தலையைச் சாய்த்து உற்றுப் பார்த்தார்.

"இன்ஜெக்ஷனா வச்சிருக்க?"

"ஆமா."

"அதான். உள்ள பெட்ரோலைப் பீச்சுறது கம்ப்யூட்டர். அது கோவிச்சுக்கிட்டா நீ என்ன பண்ணுவ தம்பி? கார்புரேட்டர்னா காத்தை இழுக்கும், கூடவே பெட்ரோலும் போகும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்."

கெல்வினிடம் கார்புரேட்டரும் இருந்தது. எதை வைப்பதென்று முடிவு செய்ய முடியாமல் இரண்டையும் வாங்கி, ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தான். அதை எடுத்துவந்து மதியத்துக்குள் மாட்டினான். சாவியைத் திருப்பியதும் கார்புரேட்டர் நிரம்பி வழிந்து பெட்ரோல் தரையில் ஓடியது.

பாசில் பதறவில்லை. "இது இன்ஜெக்ஷனுக்கான பம்ப். அந்த அழுத்தத்தைக் கார்புரேட்டர் தாங்காது."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"பம்ப்பைப் பத்தி நீ கேக்கலியே."

வெண்டியின் துண்டுகளை எடுத்துத் தரையைத் துடைத்தார்கள். கெல்வின் ஊரெல்லாம் அலைந்து ஒரு பழைய பம்ப்பைக் கொண்டுவந்து பூட்டினான். எஞ்சின் சட்டென்று பிடித்தது. அவன் ஆசையாகக் குனிந்து பார்த்த நேரம், கார்புரேட்டர் வாயிலிருந்து தீ ஒரு முழம் பாய்ந்து அடங்கியது.

வெண்டி அவன் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். வலது புருவம் இல்லை.

"இன்னொண்ணையும் எடுத்து விட்டுடுறேன். சமமா இருக்கும்," என்றாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க பாசில் சொல்லச் சொல்ல கெல்வின் திருகினான். கடைசியில் எஞ்சின் உறுமியது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. கெல்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. பாசில் பின்பக்கம் போய்ப் புகையை முகர்ந்தார். அவர் முகம் மாறியது.

"இந்த எஞ்சின் எந்த வருஷத்துது?"

கெல்வின் சொன்னான்.

"அவ்வளவு புதுசா? அப்போ புகையைக் கறாரா அளப்பாங்க. கார்புரேட்டரோட இது தேறாது தம்பி."

கெல்வின் எஞ்சினை அணைத்தான். கையில் ஸ்பேனர் இருந்தது. அதைப் பத்திரமாகக் கீழே வைத்தான்.

"நேத்து நீங்கதானே மாத்தச் சொன்னீங்க?"

"வண்டி ஓடணும்னு கேட்ட. ஓடுது. தேறணும்னு கேக்கலியே."

பாசில் சாப்பிடப் போய்விட்டார். கெல்வின் காருக்குள் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். வெண்டி டீ கொண்டுவந்தாள். திட்டப் போகிறாள் என்று அவன் காத்திருந்தான். அவள் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"இதுல என்னை விட்பிக்குக் கூட்டிட்டுப் போய், கடலைப் பாத்துக்கிட்டே மீனும் சிப்ஸும் வாங்கித் தரேன்னு சொன்ன."

"சொன்னேன்."

"அப்போ உக்காந்திருந்தா எப்படி? பழையபடி மாட்டு. பேசின் எங்கயும் ஓடிடாது."

அவன் எழுந்தான். கார்புரேட்டரைக் கழற்றும்போது ஸ்பேனர் நழுவி, இடது மணிக்கட்டு இரும்புச் சட்டத்தில் போய் மோதியது. வலியில் கொஞ்ச நேரம் கண்ணே தெரியவில்லை. பிறகு வலது கையாலேயே முதல் பம்ப்பைப் பூட்டி, இன்ஜெக்ஷன் வயர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொருகினான். ஒரு சொருகி மட்டும் சரியாக உட்காரவில்லை. ஓரத்தில் அழுக்கு. முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். துடைத்து அழுத்தினான். 'டிக்' என்றது.

சாவியைத் திருப்பினான். எஞ்சின் பூனை போல முனகிக்கொண்டு ஓடியது. நிற்கவில்லை.

சாயங்காலம் வந்த பாசில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "அப்பவே நெனச்சேன்."

திங்கள் காலை கெல்வினின் மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியிருந்தது. இடது கையில்லாமல் கியர் போட முடியாது. வெண்டி முதியோர் இல்லத்துக்குத் தலை அலங்காரம் செய்யப் போய்விட்டாள். லீட்ஸில் இருக்கும் சோதனை நிலையத்தில் குறித்த நேரத்துக்குப் போய் நிற்காவிட்டால் அடுத்த தேதி எப்போதென்று யாருக்கும் தெரியாது.

வழியனுப்ப வந்த பாசில் காரிலிருந்து இறங்கினார். ஐரீன் ஸ்டீயரிங்கிலேயே இருந்தாள்.

"பாசில், நீங்கதான் ஓட்டணும்," என்றான் கெல்வின். "உங்களை நம்பித்தான் இருக்கேன்."

பாசில் மணிக்கட்டைப் பார்த்தார். "ஐஸ் வச்சியா?"

"வச்சேன். உங்களைவிட இந்தக் காரைத் தெரிஞ்சவங்க யாரு?"

"கிளட்ச்சு புதுசு. எனக்குப் பழகணும்."

"போற வழியில பழகிடும். இன்சூரன்ஸ்காரங்க லைன்லயே இருக்காங்க. உங்க பேரைச் சேத்துட்டா முடிஞ்சுது." கெல்வின் போனைக் காதில் வைத்தபடி பேனாவை எடுத்தான். "லைசென்ஸ் நம்பர் மட்டும் சொல்லுங்க."

பாசில் தன் ஷூவைப் பார்த்தார். போனுக்குள் ஒரு பெண் "ஹலோ, ஹலோ" என்றாள்.

ஐரீன் குறுக்கெழுத்தை மடித்து வைத்தாள். இறங்கி வந்து, கைப்பையிலிருந்து தன் லைசென்ஸை எடுத்து கெல்வினிடம் நீட்டினாள்.

"என் நம்பரை எழுதிக்கோ கண்ணு, நான் ஓட்டுறேன். இவரு லைப்ரரியில வேலை பாத்து எல்லாத்தையும் படிச்சவரு, ஆனா ஒரு நாளும் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்ல."