‘பழசு தீரட்டும்’ பேர்வழி

‘பழசு தீரட்டும்’ பேர்வழியை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. புதுச் செருப்பைப் பெட்டியோடு பரண்மேல் ஏற்றிவிட்டு, புதுக் குடைக்குப் பிரிக்காத உறையே அழகு என்று தள்ளிவைத்துவிட்டு, வார் அறுந்ததை ஊக்கு குத்தி இழுத்துக்கொண்டு மழையில் நனைந்தபடி வருவாரே, அவர்தான். இந்தக் குணம் வீட்டோடு நின்றால் சளி பிடிக்கும், அவ்வளவே. அவரே இறால் குஞ்சுப் பண்ணைக்கு மேலாளராக வந்தால்?

வந்தார். இறால் குஞ்சு நுண்பாசியைத் தின்று வளர்கிற ஜீவன். அந்தப் பாசியை அன்றன்றைக்கு அள்ளி ஊற்றினால் அமிர்தம். உறைய வைத்தால் உயிரணு வெடித்துச் சத்தெல்லாம் தண்ணீரோடு போய்விடும். காய வைத்துப் பொடித்தால் கட்டி கட்டியாக அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலாளருக்கு இது தெரியாதா? தலைகீழாக ஒப்பிப்பார். ஆனாலும் காலையில் புதுப்பாசியைக் கண்டதும் அவர் கை தானாக உறைபெட்டியைத் திறக்கும். போன மாதத்துக் கட்டி வெளியே, புதுசு உள்ளே. அடுத்த மாதம் அதுவும் பழசாகி, முறைப்படி குஞ்சுகளுக்கு வரும். ஆக, அந்தப் பண்ணையில் பாசி தினமும் புதிதாக விளைந்தது. குஞ்சுகள்தான் ஒரு நாளும் அதைக் கண்டதில்லை.

“சார், மூணு தொட்டி காலி. குஞ்செல்லாம் செத்து அடியில கிடக்குது,” என்றார் ஆய்வகத்து அம்மாள்.

“அடக் கடவுளே! தண்ணிய மாத்திப் பாத்தீங்களா?”

“தண்ணில ஒண்ணுமில்ல. சாப்பாட்டுலதான் சத்தில்ல. மிச்சம் ஒரே தொட்டி. அதுவும் போச்சுன்னா பண்ணையையே மூடிடுவாங்க. இன்னைக்காவது புதுசை ஊத்துங்க.”

“ஊத்தலாம்மா... பழசு இன்னும் கொஞ்சம் இருக்கே. வீணாப் போயிடாதா?”

“குஞ்சு வீணாப் போனா பரவாயில்லையா?”

மேலாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். வேலை போய்விட்டால் இந்த வயதில் எவன் கூப்பிட்டுக் கொடுப்பான்? அன்றைய பாசியை அப்படியே தொட்டியில் கவிழ்த்தார், மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பும் தகப்பனைப் போல மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அந்த வாரம் முழுக்கப் புதுப்பாசிதான். குஞ்சுகள் வயிறு நிறைந்து துள்ளின. மனுஷர் தொட்டியை விட்டு நகரவில்லை. சந்தோஷத்தில் கண்கூடக் கலங்கிவிட்டது.

“பாத்தீங்களா சார், புதுசோட மகிமையை!”

“அடேயப்பா, இவ்வளவு நல்ல பாசியாம்மா இது!” என்று வியந்தவர், அம்மாள் கையிலிருந்த அடுத்த வாளியைப் பதறிப்போய்ப் பிடுங்கினார். “இதைப் போயி தினமும் ஊத்தித் தீக்கறதா? உள்ள வைங்க. கஷ்ட காலத்துக்கு ஆகும்.”

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். இன்று காலை கூடையிலிருந்து நீங்கள் எந்தப் பழத்தை எடுத்தீர்கள்? கறுத்துப்போனதைத்தானே? நல்லதற்கு என்ன அவசரம், அது நாளைக்குக் கறுத்ததும் சாப்பிட்டுக்கொள்ளலாம்.