ரெக்கார்டு நோட்டுல ஓடாத முயல்

ஒரு காட்டுல ஒரு காலேஜ் இருந்துச்சு. காலேஜ் கட்டுறதுக்காகக் காட்டை வெட்டிட்டாங்க. ஆனா அட்ரஸ்ல இன்னும் காடுன்னுதான் போட்டிருக்கு.

அங்க கடைசி வருஷம் படிச்ச கீரிக்குப் பக்கத்துக் காட்டுல வேலை ரெடி. ஒரே கண்டிஷன், அரியர் இருக்கக் கூடாது. பாக்கி இருந்தது அனிமேஷன் லேப் பரீட்சை மட்டும்தான்.

கேள்வி சின்னது. கோடிங் எழுதி ஒரு முயலை ஓட வைக்கணும், அதை அசையுற படமா, ஜிஃப் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணணும். கீரி பன்னெண்டு படம் வர்ற மாதிரி எழுதி, ஒவ்வொண்ணும் எவ்ளோ நேரம் நிக்கணும்னு சரி பண்ணி, எக்ஸ்போர்ட் குடுத்துச்சு. ஸ்கிரீன்ல முயல் நிக்காம ஓடுச்சு.

பக்கத்து சீட்டு எருமையோட கம்ப்யூட்டர் ஆன் ஆகல. எருமையும் அதை ஆன் பண்ணல.

வெளி காலேஜ்லேருந்து மார்க் போட எக்ஸ்டர்னலா வந்தவங்க ஆந்தை மேடம். அவங்களுக்குப் பகல்ல கண்ணு சரியாத் தெரியாது. பரீட்சை பகல்லதான்.

கீரி ஸ்கிரீனைக் காட்டுச்சு. மேடம் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

"அவுட்புட்டை பிரிண்ட் எடுத்து ரெக்கார்டு நோட்டுல ஒட்டுப்பா."

ஒட்டுச்சு. மேடம் நோட்டை மூக்குக்கிட்ட வச்சுப் பாத்துட்டு, முயல் ஒரு காலைத் தூக்கிட்டு நிக்குது, ஓடலையேன்னாங்க. பேப்பர்ல எப்படி மேடம் ஓடும்னு கீரி சண்டைக்குப் போச்சு. எதிர்த்துப் பேசுறது சிலபஸ்ல இல்லைன்னு பதில் வந்துச்சு.

கீரி போய் பன்னெண்டு படத்தையும் பிரிண்ட் எடுத்து, பக்கத்துக்கு ஒண்ணா ஒட்டி, நோட்டை விறுவிறுன்னு புரட்டிக் காமிச்சுச்சு. முயல் நெஜமாவே ஓடுச்சு. மேடம் நோட்டைப் புடுங்கி ஒவ்வொரு பக்கமா எண்ணுனாங்க.

"பன்னெண்டு முயல் இருக்கு. கேள்வியில ஒரு முயல்தானே?"

அடுத்தது எருமை. பென்சில்ல ஒரு முயல் வரைஞ்சிருந்துச்சு. காது மட்டும்தான் முயல் மாதிரி. அதுக்குக் கீழ ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு, 'முயல் ஓடுகிறது'ன்னு எழுதியிருந்துச்சு. மேடம் முழு மார்க் போட்டு, நீட்டா இருக்குன்னு பாராட்டுனாங்க.

கீரி அந்த வேலையை நெனச்சுப் பாத்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு, தன்னோட முதல் முயலுக்குக் கீழயும் 'முயல் ஓடுகிறது'ன்னு எழுதி நீட்டுச்சு.

மேடம் படிச்சாங்க. எருமை நோட்டைத் திரும்ப எடுத்து, அதையும் படிச்சாங்க.

"காப்பி அடிச்சிருக்க."

கீரிக்கு அரியர். பக்கத்துக் காட்டு வேலையில எருமை சேந்துடுச்சு. அங்கயும் இன்னும் கம்ப்யூட்டரை ஆன் பண்ணலையாம்.

நீதி: முயலை ஓட வைக்கிறேன்னு மெனக்கெடாதீங்க. ஓடுதுன்னு எழுதுங்க. அதையும் பக்கத்து சீட்டுக்காரனுக்கு முன்னாடி எழுதுங்க.