பிள்ளையில்லாத சம்பந்தி

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் தேடினாலும், நாங்கள் ‘சம்பந்தி’ என்று கூப்பிடும் பாதைக்காரருக்கு இருக்கிற அளவு சம்பந்திகள் வேறு எவருக்கும் கிடையாது. இத்தனைக்கும் அவருக்குப் பிள்ளையே இல்லை.

மண்டூருக்கு வாவியைக் கடக்கிற இயந்திரப் படகைத்தான் பாதை என்போம். ஏறுகிறவர் மீன்காரரோ பொலிஸ்காரரோ, அவருக்கு எல்லோரும் “வாங்க சம்பந்தி”தான். ஒருநாள் தன்னாமுனையிலிருந்து வந்த பாதிரியாரும் மாட்டிக்கொண்டார்.

“எனக்குப் பிள்ளை குட்டி இல்லையே, நான் எப்பிடிச் சம்பந்தி?”

“எனக்கும் இல்ல ஃபாதர். நமக்குள்ள சீதனச் சண்டையே வராது. இதவிட நல்ல சம்பந்தம் எங்க கிடைக்கும்?”

பாதிரியார் சிரித்து முடிவதற்குள் அக்கரை வந்துவிட்டது.

போன வருடம் எனக்குச் சிரிப்பே மறந்துபோனது. என் மகள் மண்டூரில் வேலை செய்யும் ஒரு பையனை விரும்பினாள். வாகரைப் பக்கத்தவன், தங்கமான பிள்ளை. ஆனால் தாய் தகப்பன் இல்லை, சொந்தமென்று சொல்ல ஒருவரும் இல்லை. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் வெற்றிலைத் தட்டோடு மாப்பிள்ளை கேட்டுப் போக வேண்டும்.

“தட்டக் கொண்டு ஆர்ர வாசல்ல போய் நிக்கிற?” என்று என் மனைவி ஒரே பிடியாக நின்றாள். மகள் சாப்பாட்டை விட்டாள்.

பாதையில் நின்று இதைப் புலம்பினேன். சம்பந்தி சுக்கானிலிருந்து கையெடுக்கவில்லை.

“அந்தப் பொடியன் தினமும் என்னோட கதைக்கிறவன்தான். தகப்பனா நான் நிக்கிறன். தட்ட நம்மட வீட்ட கொண்டு வாங்க. மறுகா என்ன யோசன?”

போனோம். நாங்கள் உட்கார ஊரிலுள்ள அரைவாசிக் கதிரைகள் அவர் முற்றத்தில் கிடந்தன. புது வேட்டியும் வியர்வையுமாக நின்ற மனிதர், “வாங்க ஐயா, இருங்க ஐயா” என்று தடுமாறினார்.

“என்ன, இண்டைக்குச் சம்பந்தி எண்டு கூப்பிடல்லையா?” என்றேன்.

“இண்டைக்கு மெய்யாவே ஆகிட்டமே ஐயா. வாய் வருகுதில்ல.”

தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். என் மனைவியின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிடுவது எங்கள் வழக்கம். அவள் அந்தப் பேச்சை எடுத்ததும் சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார்.

“இண்டைக்குத்தான் எனக்கு ஒரு மகன் கிடைச்சான். ஞாயித்துக்கிழமையில ஒருக்கா அனுப்பி விடுவீங்களா?”

ஒரு ஞாயிறும் தவறாமல் மருமகன் போகிறான். என்னை யாரும் அழைப்பதில்லை, ஆனாலும் நானும் கூடப் போகிறேன். அந்த மனிதரைக் காணாவிட்டால் எனக்கு என்னவோ செய்கிறது.